நெட் லைஃப் சயின்ஸ் தேர்வும் டிரான்ஸ்போசானும்: நான் கோட்டை விட்ட இடம்

முதல் முறை சி.எஸ்.ஐ.ஆர். நெட்டுக்கு (ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் பணிக்குமான தகுதித் தேர்வு) தயாரானபோது, டிரான்ஸ்போசான், அதாவது ஜீனோமுக்குள் இடம் மாறித் தாவும் டிஎன்ஏ துண்டு பற்றி எனக்குத் தெரிந்தது மூன்றே விஷயம்: அதைக் கண்டுபிடித்த மெக்லின்டாக், அவர் ஆராய்ந்த மக்காச்சோளம், அதற்குக் கிடைத்த 1983 நோபல் பரிசு. அது போதும் என்று இருந்துவிட்டேன். பாடத்திட்டமும் அப்படித்தான் நினைக்க வைக்கும். திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏ இரண்டாம் யூனிட்டில், ஜீன் கட்டுப்பாடு மூன்றாவதில், டிரான்ஸ்போசிஷன் எட்டாவதில் போகிறபோக்கில் ஒரு சொல்லாக. மூன்று வீட்டுக்கும் வேண்டப்பட்ட பிள்ளைக்கு எந்த வீட்டிலும் இலை போடவில்லை.

அடி விழுந்தது ஒரு மாதிரித் தேர்வில். பகுதி சி-யில் ஒரு கேள்விக்கு 4 மதிப்பெண், தப்பானால் 1 போய்விடும். ஆலு என்ற குட்டி டிரான்ஸ்போசான், தனக்கு வேண்டிய ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸை (ஆர்என்ஏவைப் பார்த்து டிஎன்ஏ எழுதும் நொதி) தானே செய்துகொள்ளும் என்ற வரியைச் சரி என்று குறித்துவிட்டு வந்தேன். ஆலுவின் நீளமே சுமார் 300 பேஸ்தான் (பேஸ் என்பது டிஎன்ஏவின் ஓர் எழுத்து). அதில் எந்தப் புரதத்துக்கும் குறிப்பு கிடையாது. லைன்-1 என்ற பெரிய டிரான்ஸ்போசான் தயாரித்த நொதியை ஓசியில் வாங்கித்தான் அது நம் ஜீனோமில் 10 லட்சத்துக்கும் மேல் பிரதி போட்டிருக்கிறது.

சரி, அந்த லைன்-1? முழு நீளம் 6,000 பேஸ், ஏறக்குறைய 5 லட்சம் பிரதிகள், மனித ஜீனோமில் 17 சதவீதம். ஆனால் இன்றும் தாவக்கூடியவை நூறு அளவுக்குத்தான். காரணம் எளிது. பிரதி எடுப்பது வால் பக்கமான 3' முனையில் தொடங்குகிறது, பெரும்பாலும் பாதியில் நின்றுவிடுகிறது. வாசிப்பைத் தொடங்கிவைக்கும் சுவிட்சான புரமோட்டரோ தலைப் பக்கமான 5' முனையில். தலை இல்லாத பிரதி அடுத்து எப்படித் தாவும்? இது புரிந்த பிறகு அந்த எண்ணை நான் மறந்ததே இல்லை.

இரண்டாம் முறை வகைப்பாட்டு அட்டவணையை மூடி வைத்தேன். ஒவ்வொரு உதாரணத்திடமும் ஒன்றுதான் கேட்டேன்: எங்கே போய் உட்கார்ந்தது, உட்கார்ந்ததும் பக்கத்து ஜீனை செல் வாசிக்கும் விதத்தில் என்ன மாறியது?

நமக்கு ஏன் வால் இல்லை என்பதில் ஆரம்பியுங்கள். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளை நீளவாக்கில் ஒரு பட்டையாகக் கிழித்துக்கொண்டு, இடமிருந்து வலமாக எக்ஸான் 5, ஆலு, எக்ஸான் 6, ஆலு, எக்ஸான் 7 என்று எழுதுங்கள். இது வால் உருவாவதில் பங்குள்ள டிபிஎக்ஸ்டி என்ற ஜீன்; எக்ஸான் என்பது புரதத்துக்கான குறிப்பில் சேரும் துண்டு. முதல் ஆலு பழையது, வாலுள்ள குரங்குகளிடமும் உண்டு. இரண்டாவது, மனிதக் குரங்குகளுக்கும் நமக்கும் பொதுவான மூதாதையில், எதிர்த்திசையில் வந்து உட்கார்ந்தது. எதிர்த்திசை என்பதால் ஆர்என்ஏவில் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இப்போது இரண்டு ஆலுவும் தொடும்படி பட்டையை மடியுங்கள். எக்ஸான் 6 வளையமாகத் துருத்திக்கொண்டு நிற்கும். ஆர்என்ஏவில் வேண்டாததை வெட்டி எக்ஸான்களை ஒட்டும் ஸ்ப்ளைசிங் பல நேரம் அதை விட்டுவிட்டு 5-ஐ 7-உடன் சேர்த்துவிடுகிறது. எக்ஸானில் ஒரு பேஸ்கூட மாறவில்லை, கிடைக்கும் புரதம் மட்டும் வேறு. இந்தக் குட்டை வடிவத்தையும் முழு வடிவத்தையும் சேர்த்து உண்டாக்கிய எலிகளுக்கு வால் குறுகியது, சிலவற்றுக்கு இல்லவே இல்லை. 2024-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இது.

அடுத்தது அகூட்டி எலி. அதில் ஐஏபி என்ற ரெட்ரோடிரான்ஸ்போசான் (ஆர்என்ஏ வழியாகப் பிரதி போடும் வகை), மயிரின் நிறத்தைத் தீர்மானிக்கும் அகூட்டி ஜீனுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் மெத்தில் குழு என்ற வேதிக்குறி இருந்தால் அது அடங்கிக் கிடக்கும், எலி பழுப்பு. இல்லாவிட்டால் அதன் புரமோட்டர் ஜீனை ஓயாமல் ஓட்டும், எலி மஞ்சளாகவும் பருமனாகவும் வளரும். கருவுற்ற தாய்க்கு ஃபோலிக் அமிலம், கோலின் முதலியவை சேர்த்த தீனி கொடுத்தபோது பழுப்புக் குட்டிகள் கூடின (2003). டிஎன்ஏ எழுத்து மாறாமலே ஜீன் ஓடும் விதம் மாறும் எபிஜெனெடிக்ஸையும் இதோடு சேர்த்தே முடித்துவிடலாம்.

கறுத்த பெப்பர்டு அந்துப்பூச்சியில் கார்டெக்ஸ் ஜீனின் முதல் இன்ட்ரானில் (எக்ஸான்களுக்கு இடையே இருந்து வெட்டி எறியப்படும் துண்டு) ஒரு டிரான்ஸ்போசான் இருக்கிறது என்பதை ஒரு வரியில் குறித்துக்கொண்டால் போதும்.

சின்சிட்டினையும் ராக் ஜீன்களையும் மட்டும் இந்தப் பட்டியலில் கலக்காதீர்கள். நஞ்சுக்கொடியில் வேலை செய்யும் சின்சிட்டின், பழைய வைரஸின் உறைப் புரதம். நோய் எதிர்ப்பு செல்களில் ஜீன்களை வெட்டி ஒட்டும் ராக், பழைய டிரான்ஸ்போசானிடமிருந்து வந்தது. அங்கே உடல் வளைத்துப் போட்டது புரதத்தையே, சுவிட்சை அல்ல. அதேபோல, எல்லா டிரான்ஸ்போசானும் ஜீனைக் கட்டுப்படுத்தும் என்று ஒரு விடை சொன்னால் சந்தேகப்படுங்கள். பெரும்பாலானவை சிதைந்து, மெத்தில் குழுவாலும் டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் மேலுள்ள குறிகளாலும் வாய் கட்டப்பட்டுக் கிடப்பவை.

இனப்பெருக்க செல்களில் அந்த வாய் கட்டும் வேலைக்கு பை-ஆர்என்ஏ என்ற குட்டி ஆர்என்ஏவும் உண்டு. அதைப் பழ ஈயின் பி எலிமென்ட் என்ற டிரான்ஸ்போசானோடு சேர்த்துப் படியுங்கள். பி உள்ள ஆணும் இல்லாத பெண்ணும் சேர்ந்தால் குட்டிகளுக்கு மலட்டுத்தன்மை. பி உள்ள பெண்ணாக இருந்தால் பிரச்சினை இல்லை, முட்டையிலேயே பை-ஆர்என்ஏவை அனுப்பிவிடுகிறாள். இந்தத் திசையை நான் இரண்டு முறை மாற்றி எழுதியிருக்கிறேன். அப்புறம் நோட்டு அட்டையிலேயே சிவப்பு மையில் எழுதி வைத்தேன்: அப்பா பி, அம்மாவிடம் இல்லை, அதுதான் வம்பு.