காதுக்கு எட்டாததைக் கண்ணால் பிடித்தவர்

அக்காவின் மகளுக்குப் பிறவியிலேயே இரண்டு காதுகளிலும் கேட்கும் திறன் குறைவு. சென்ற ஆண்டு பள்ளியின் கூடைப்பந்து அணியில் சேர்ந்தவள், சில வாரங்களிலேயே காது கேட்கும் கருவிகளைக் கழற்றிப் பையின் அடியில் ஒளித்துவைக்கத் தொடங்கினாள். கல்லூரிக் காலத்தில் நான் மாவட்ட அளவில் ஆடியிருக்கிறேன் என்பதால், அவளிடம் பேசிப் பார்க்கும் பொறுப்பை அக்கா என்னிடம் ஒப்படைத்தார். அறிவுரை சொல்ல எனக்கு விருப்பமில்லை. அதற்குப் பதிலாக, பல ஆண்டுகளாக நான் வியந்து பின்தொடர்ந்த அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனை தமிக்கா கேட்சிங்ஸின் கதையை அவளுக்குச் சொன்னேன்.

தமிக்கா 1979இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிறந்தார். தந்தை ஹார்வி கேட்சிங்ஸ், அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏயின் வீரர், இத்தாலியிலும் ஆடியவர். அங்கே அவருடைய பழைய அணித் தோழர் ஜோ பிரையன்ட்டின் குடும்பமும் இருந்ததால், ஜோவின் மகனும் பின்னாளைய என்பிஏ நட்சத்திரமுமான கோபி பிரையன்ட்டும் தமிக்காவும் சிறு பிள்ளைகளாகவே ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள். பின்னாளில் இருவரும் 24ஆம் எண் சட்டை அணிந்ததும், கூடைப்பந்துக்கான நெய்ஸ்மித் புகழரங்கத்திற்கு 2020ஆம் ஆண்டின் பட்டியலில் ஒன்றாகத் தேர்வானதும், தேர்வு அறிவிக்கப்படும் முன்பே கோபி விபத்தில் இறந்துபோனதும் நினைத்தால் இப்போதும் மனத்தைப் பிசைகிறது.

தமிக்காவும் பிறவியிலேயே இரு காதுகளிலும் கேட்கும் திறன் குறைந்தவர். பெரிய கருவிகளையும் அவருடைய பேச்சையும் பார்த்து வகுப்புப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். ஒரு நாள் பள்ளி முடிந்து வீட்டுக்கு நடந்து வரும் வழியில், கருவிகளைக் கழற்றிப் புல்வெளியில் வீசி எறிந்துவிட்டார். புதிதாக வாங்கித் தருவதற்கில்லை என்று பெற்றோர் சொல்லிவிட்டார்கள். அதன்பின் அவர் உதட்டசைவைப் படிக்கக் கற்றார். வகுப்பில் முன் வரிசையில் அமர்ந்தார். கேட்காததைப் புத்தகத்தில் தேடிப் படித்தார். கேலி செய்தவர்களை வெல்ல ஓர் இடம் வேண்டும் என்று அவர் கண்டுகொண்டதுதான் கூடைப்பந்துத் திடல்.

கூடைப்பந்தில் தற்காப்பு என்பது பெரும்பாலும் வாயால் நடப்பது. எதிரணியினர் நம் வழியை உடலால் மறிக்கும் 'ஸ்கிரீன்' வைக்க வரும்போது, "ஸ்கிரீன், இடப்பக்கம்!" என்று பின்னால் நிற்பவர் கத்த வேண்டும், முன்னால் நிற்பவர் திரும்பிப் பாராமலேயே அதைக் கேட்டு விலக வேண்டும். நான் ஆடிய நாட்களில், வாய் திறக்காத ஆட்டக்காரியைப் பயிற்சியாளர்கள் உடனே வெளியே உட்கார வைத்துவிடுவார்கள். அப்படிப்பட்ட ஒரு கலையில், காது சரியாகக் கேட்காத ஒருவர் பெண்களுக்கான அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான டபிள்யூஎன்பிஏயின் சிறந்த தற்காப்பு வீராங்கனையாக ஐந்து முறை, 2005, 2006, 2009, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில், தேர்வு செய்யப்பட்டார் என்பதை ஆட்டம் தெரிந்தவர்கள் ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டும். எதிரணியிடமிருந்து அவர் பறித்த பந்துகள் மொத்தம் 1,074. பந்தைப் பறிப்பது கைவேகத்தால் மட்டும் ஆவதன்று. பாஸ் கொடுக்கப்போகிறவரின் தோள் எந்தப் பக்கம் சாய்கிறது, கண் யாரைத் தேடுகிறது, பாதம் எங்கே திரும்புகிறது என்பதைப் பந்து கையை விட்டுப் புறப்படும் முன்பே படித்துவிட வேண்டும். உதடுகளைப் பார்த்தே உலகத்தைப் புரிந்துகொண்ட ஒரு சிறுமிக்கு இந்தப் படிப்பு மற்றவர்களைவிட எத்தனையோ ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது என்பதே என் எண்ணம்.

பள்ளி நாட்களிலேயே அது தெரிந்தது. 1997இல் டெக்சஸ் மாநிலத்தின் டங்கன்வில் பள்ளிக்காக ஆடிய ஓர் ஆட்டத்தில், 25 புள்ளிகள், 18 ரீபவுண்டுகள் (கூடையில் விழாமல் திரும்பிய பந்தைப் பிடிப்பது), 11 அசிஸ்டுகள் (தோழர் புள்ளி எடுக்கப் பந்து கொடுப்பது), 10 பறிப்புகள், எதிரணி கூடையை நோக்கி எறிந்த பந்தை மறித்த 10 தடுப்புகள் என ஐந்து வகையிலும் இரட்டை இலக்கத்தைத் தொட்டார். அதே ஆண்டு டென்னசி பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் பேட் சம்மிட்டின் அணியில் சேர்ந்தார். முதல் பருவத்திலேயே, 39 ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்காமல், அந்த அணி தேசியப் பட்டம் வென்றது.

ஆனால் டென்னசியில் நடந்தவற்றுள் பட்டத்தைவிடப் பெரிதாக நான் நினைப்பது வேறொன்று. கண்டிப்புக்குப் பெயர் பெற்ற சம்மிட், தமிக்காவின் குறையைக் கண்டும் காணாமல் விடவில்லை. மீண்டும் கருவி அணியவும் பேச்சுப் பயிற்சி பெறவும் வேண்டும் என்று அவரிடம் எடுத்துச் சொன்னார். சிறுவயதில் கருவிகளைப் புல்வெளியில் எறிந்த தமிக்கா, பல ஆண்டுகள் கழித்து அவர் சொல் கேட்டு மீண்டும் கருவி அணிந்துகொண்டார்.

தொழில்முறை வாழ்க்கை காயத்தோடுதான் தொடங்கியது. 2001 ஜனவரியில் முழங்கால் தசைநார் அறுந்தது. அப்படியிருந்தும் இண்டியானா ஃபீவர் அணி புதிய வீராங்கனைகளை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில் அவரை மூன்றாவது தேர்வாக எடுத்து, ஒரு பருவம் முழுவதும் காத்திருந்தது. 2002இல் களமிறங்கியவர் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் ஆனார். 2016இல் ஓய்வு பெறும்வரை வேறு எந்த டபிள்யூஎன்பிஏ அணிக்கும் அவர் ஆடவில்லை. கோடையில் சில மாதங்கள் மட்டுமே நடக்கும் அந்தத் தொடரின் சம்பளம் அப்போது போதாமல் இருந்ததால், அக்கால வீராங்கனைகள் பலரையும் போல அவரும் மீதி மாதங்களில் தென் கொரியா, ரஷ்யா, துருக்கி, போலந்து என்று வெளிநாடுகளில் ஆடினார். உடல் ஓய்வு காணாத இந்த வாழ்க்கைமுறையைப் பற்றிப் பேசாமல் அவர்களுடைய சாதனைகளை மட்டும் பட்டியலிடுவது நியாயமில்லை. வீராங்கனைகள் சங்கத்தின் தலைவராகப் பல ஆண்டுகள் அவர் உழைத்தது வெறும் பதவிக்காக அல்ல என்பதை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள முடியும்.

2007இல் குதிகால் தசைநார் அறுந்தது. பல ஆட்டக்காரர்களின் வாழ்வை அந்தக் காயம் முடித்துவைத்திருக்கிறது. இவரோ அடுத்த ஆண்டே பெய்ஜிங்கில் ஒலிம்பிக் தங்கம் அணிந்தார். 2004 முதல் 2016 வரை அவர் வென்ற நான்கு ஒலிம்பிக் தங்கங்களுள் அது இரண்டாவது. ஆனாலும் ஃபீவர் அணிக்கு அதுவரை ஒரு பட்டம்கூடக் கிட்டவில்லை. 2009இல் இறுதிச் சுற்று ஐந்தாவது ஆட்டம்வரை சென்று ஃபீனிக்ஸ் அணியிடம் கைநழுவியது. 2011இல் தொடரின் மிகச் சிறந்த வீராங்கனை விருது கிடைத்தபோதும் கோப்பை இல்லை. 2012இல், முக்கிய வீராங்கனை கேட்டி டக்ளஸ் கணுக்கால் காயத்துடன் ஒதுங்கிய நிலையில், நடப்புச் சாம்பியனான மினசோட்டாவை இறுதிச் சுற்றில் எதிர்கொண்டார்கள். பலரும் மினசோட்டாவே வெல்லும் என்று நினைத்திருந்தார்கள். ஃபீவர் 3–1 என்று வென்றது. நான்காவது ஆட்டத்தில் 25 புள்ளிகள் எடுத்த தமிக்கா, இறுதிச் சுற்றின் சிறந்த வீராங்கனையானார். அணியில் சேர்ந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து பெற்ற அந்த ஒரே பட்டத்தை, வேறு சிலர் வென்ற நான்கைந்து பட்டங்களுக்கும் மேலாகவே நான் மதிக்கிறேன்.

ஓய்வுக்குப்பின் 2017இல் இண்டியானாபொலிஸில் ஒரு தேநீர்க் கடையை வாங்கி நடத்தத் தொடங்கினார் என்று சொன்னதும் அக்கா மகளின் முகம் மலர்ந்தது. ஒலிம்பிக் தங்கங்களுக்குக்கூட அவள் அப்படி மகிழவில்லை. பிறகு, "சித்தி, அவங்க தூக்கிப் போட்டது திரும்பக் கிடைச்சுதா?" என்று கேட்டாள். அது கிடைக்கவில்லை, பெரியவரான பிறகு வேறு கருவிதான் அணிந்தார் என்றேன். வெகுநேரம் பேசாமல் இருந்தாள்.

இப்போது பயிற்சிக்குப் போகும்போது கருவிகளை அணிந்துகொள்கிறாளாம். பள்ளிப் பேருந்தில் ஏறியதும் மட்டும் இன்னும் கழற்றிவிடுகிறாள் என்று அக்கா சொன்னார்.