எல்.கே.ஜி. பையில் ஒர்க்‌ஷீட்

பிள்ளையின் பையில் ஒர்க்‌ஷீட் இல்லையென்றால் மறுநாள் காலை வாசலிலேயே கேள்வி வரும்: “மிஸ், நேத்து ஒண்ணும் சொல்லித் தரலையா?” நேற்று முழுக்கப் புளியங்கொட்டையை ஐந்தைந்தாகக் குவித்து எண்ணினார்கள். சாட்சிக்குக் காட்டத்தான் தாள் இல்லை.

நான் தாளுக்கு எதிரி கிடையாது. ஆனால் நாலு வயசில் விரல்கள் இன்னும் பென்சிலுக்குப் பழகவில்லை. களிமண் உருட்டுவது, மணி கோப்பது, காகிதம் கிழிப்பது எல்லாம் அதற்கான தயாரிப்புதான். புள்ளிக்கோட்டின் மேல் ‘அ’ எழுதும் சில பிள்ளைகள் சுழியைக் கடைசியில் போடுவார்கள். தாளில் எல்லாம் சரியாகவே தெரியும். எந்த வரிசையில் எழுதினான் என்பது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும்.

2022-இல் அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் பயிற்சி நூல் உண்டு. ஆனால் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலை பார்த்துப் பிரித்தார்கள். எங்களுக்கோ வகுப்பு முழுக்க ஒரே ஜெராக்ஸ்!

சரி, இப்போது ஒர்க்‌ஷீட் வெள்ளிக்கிழமை மட்டும். அதுவும் கொட்டை வைத்து எண்ணி முடித்த பிறகு. மற்ற நாள்களில் டைரியில் ஒரு வரி எழுதி அனுப்புகிறேன்: ‘இன்று ஏழு வரை எண்ணினோம், வீட்டில் வெங்காயம் எண்ணச் சொல்லுங்கள்.’ ஒரு பாட்டி பூண்டையே உரிக்க வைத்து எண்ணச் சொன்னாராம். விரலுக்கும் வேலை ஆச்சு.