குடியை நிறுத்தும் முதல் 3 நாள்

தினமும் குடித்தவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்துவது ஆபத்து. கடைசியாகக் குடித்த 6 முதல் 8 மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். டீ கிளாஸை இரண்டு கையால் பிடித்தாலும் தளும்பும். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். சுவரில் இல்லாத பூச்சி ஊர்வதாகத் தெரிந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டாச்சா என்று கேளுங்கள். பி1 வற்றிய உடம்பில் வெறும் குளுக்கோஸ் மூளையைப் பாதிக்கலாம்.

உடம்பு தெளிந்த பிறகுதான் சின்ன வயதில் திட்டிய பழைய குரல் மனதுக்குள் கேட்கும்: "நீயெல்லாம் எங்கே உருப்படப் போற?" திட்டு வாங்கியே வளர்ந்தவருக்கு, பாட்டிலை விட அதுதான் கொடியது. அதோடு வாதாடாதீர்கள். நாளைக்கு 6 மணிக்கு எழுவேன் என்று ஒரே ஒரு சின்ன வாக்கு. எழுந்ததும் காலண்டரில் ஒரு டிக். தவறினால் மறுநாளும் அதே வாக்குதான், கூட்ட வேண்டாம். இரவில் தாங்க முடியாமல் போனால் மனநல உதவி எண் 14416-ஐக் கூப்பிடுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.