உ.வே.சா.வுக்கு வந்த விளக்கம் உ.வே.சா.வுக்கு வரவில்லை

என் குறிப்புகளுக்காகப் பைதான் நிரல்மொழியில் ஒரு குட்டி மார்க்டவுன் மாற்றி எழுதி வைத்திருக்கிறேன்; எளிய குறிகளோடு எழுதிய உரையை (அதுதான் மார்க்டவுன்) அது வலைப்பக்கமாக்கித் தரும். சுருக்கத்தின் மேல் சுட்டியை வைத்தால் அதன் விரிவு தெரியும் வசதியை அதில் சேர்க்க இந்த வாரம் உட்கார்ந்தேன். மிஷேல் ஃபோர்த்தானின் மார்க்டவுன் எக்ஸ்ட்ரா என்ற விரிவாக்கத்தில் உள்ள முறையையே எடுத்துக்கொண்டேன். கோப்பில் எங்காவது ஒரு வரி இப்படி இருக்கும்:

*[உ.வே.சா.]: உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் சாமிநாதையர்

முதல் சுற்றில் இந்த வரிகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, அடுத்த சுற்றில் சுருக்கம் வரும் இடமெல்லாம் விளக்கத்தோடு டேக் (வலைப்பக்கக் குறி) போட வேண்டும். ஒரு மணி நேர வேலை என்று நினைத்தேன்.

ஓட்டிப் பார்த்தால் 'உ.வே.சா.வின்' என்ற இடத்தில் விளக்கம் வருகிறது, 'உ.வே.சா. பிறந்த ஊர்' என்ற இடத்தில் வரவில்லை. தலைகீழாக நடந்தாலாவது புரிந்திருக்கும்! காரணம், சொல் எல்லை பார்க்க ரீஜெக்ஸில் (உரைக்குள் வடிவங்களைத் தேடும் குறிமொழி) நான் போட்டிருந்த பேக்ஸ்லாஷ்-பி என்ற குறி. ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எழுத்தல்லாதது என்றிருந்தால்தான் அதற்கு அது எல்லை. கடைசிப் புள்ளியை அடுத்து 'வி' வந்தால் எல்லை. இடைவெளி வந்தால் இரண்டுமே எழுத்தல்ல, எல்லையும் இல்லை. போதாததற்கு, பைதானின் ரீஜெக்ஸுக்குக் கொம்பும் காலும் மெய்ப்புள்ளியும் எழுத்துக் கணக்கிலேயே சேராது. 'தமிழ்' என்று கொடுத்துச் சொற்களைப் பிரிக்கச் சொன்னால் 'தம', 'ழ' என்று இரண்டாக்கித் தருகிறது.

சரி, எல்லையே வேண்டாம் என்று தூக்கினேன். அப்புறம் அ.தி.மு.க.வுக்குள்ளிருந்து தி.மு.க.வைக் கண்டுபிடித்து அதற்கு விளக்கம் கொடுத்தது. (இரு தரப்பும் கோபித்துக்கொள்ளும்.)

கடைசியில் இடது பக்கத்துக்கு மட்டும் காவல் போட்டேன்: முன்னால் யூனிகோடின் தமிழ்ப் பகுதி எழுத்தோ புள்ளியோ இருந்தால் தொடாதே. வலது பக்கம் திறந்தே இருக்கும்; வேற்றுமை உருபு டேக்குக்கு வெளியே நிற்கும். 'உ.வே.சா.' வரை டேக்கின் அடியில் வரும் புள்ளிக்கோடு ஓடி, 'வின்' மொட்டையாக நிற்பது பார்க்க ஒன்றும் மோசமில்லை.

புள்ளியில்லாத சுருக்கத்துக்கு இது உதவாது. சோதனைக்கு 'பாக' என்று ஒன்றைக் கொடுத்தேன். சமையல் குறிப்பில் இருந்த பாகற்காய்க்கெல்லாம் கோடு விழுந்தது. ஆகவே இப்போதைக்குப் புள்ளியில் முடியும் சுருக்கங்களுக்கு மட்டும்தான். நிரல் துண்டுகளையும் இணைப்பு முகவரிகளையும் தாண்டிப் போவது எளிதாகவே முடிந்தது. விளக்கத்துக்குள் இரட்டை மேற்கோள் வந்து டேக்கை உடைத்ததையும் சரிசெய்தாயிற்று.

இவ்வளவும் செய்துவிட்டுப் போனில் திறந்தேன். விரலை வைத்து எவ்வளவு அழுத்தினாலும் விளக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சுட்டி மேலே நின்றால்தான் அது வரும். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் விளக்கத்தை அடைப்புக்குறிக்குள் விரித்துக் காட்டலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.