ஆரிகாவை உண்ண வைத்த ஐந்து மாதங்கள்

ஆரிகாவுக்கு முன், நான் முதலில் வாங்கிய வண்ணத்துப்பூச்சி மீன் (பவளப்பாறைகளில் வாழும் கடல்மீன்) 26ஆம் நாள் பட்டினியால் இறந்தது. மைசிஸ் (இறால் போன்ற சிற்றுயிர்), இறால், தீவனத் துகள் என்று மூன்று வேளையும் மாற்றி மாற்றிப் போட்டும், அவற்றில் ஒன்றையும் அது உணவாகவே கருதவில்லை. மஞ்சள் உடலில் ஊதாக் கோடுகள் ஓடும் அந்த இனம் (கீட்டோடோன் ட்ரைஃபேசியேட்டஸ்) உயிருள்ள பவளத்தின் பாலிப்புகளை (அதன் சிறு உயிர்களை)க் கொத்தித் தின்றே வாழ்வது என்பதை வாங்கிய பிறகுதான் படித்தேன். “எல்லாம் சாப்பிடும் சார்” என்று கடைக்காரர் சொன்னதை அப்படியே நம்பியது என் பிழை. பவளங்கள் 2001 முதல் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அந்த மீனுக்குத் தீனியாகப் பவளம் வாங்கிப் போடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

அடுத்த முறை இனத்தை முடிவு செய்துகொண்டுதான் கடைக்குப் போனேன். கீட்டோடோன் ஆரிகா என்ற வண்ணத்துப்பூச்சி மீன் புழு, கடற்சாமந்தி, பாசி, சிறு ஓட்டுயிர் எனப் பலவற்றையும் தின்னும் இனம் என்பதால் வீட்டுத் தொட்டிக்குப் பழக வாய்ப்புள்ளது. சென்னை கொளத்தூரில் ஒரு கடையில் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் நீளத்தில் ஒன்று இருந்தது. வண்ணத்துப்பூச்சி மீனைப் பக்கவாட்டில் பார்த்தால் எப்போதும் அழகாகவே தெரியும். நேர் முன்னால் நின்று, கண்ணுக்கு மேலே முதுகுச் சதை புடைத்திருக்கிறதா, ஒட்டிப் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பட்டினி கிடந்த மீனுக்குத் தலைக்குப் பின்னால் கத்தி முனை போல் கூர்மை தெரியும். இதற்கு அப்படி இல்லை. மூன்று நாட்கள் கழித்து மறுபடியும் போய்ப் பார்த்துவிட்டே வாங்கினேன்.

மீன் கடைசியில் போய்ச் சேரும் பெரிய தொட்டி 5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம்; ஏறத்தாழ 560 லிட்டர். ஆரிகா 20 சென்டிமீட்டருக்கு மேல் வளரும் என்பதால் இதையே குறைந்த அளவாகக் கொள்கிறேன். கத்திரி வெயிலில் சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாவிட்டால் தொட்டி நீர் 32 டிகிரியைத் தொட்டுவிடுகிறது. ஆர்.ஓ. நீரில் கடல் உப்பைக் கரைத்து, ஒப்படர்த்தியை 1.025இல் வைத்திருக்கிறேன்.

புதிய மீனைப் பெரிய தொட்டியில் விடும் முன் ஒட்டுண்ணியை நீக்க வேண்டும். வெள்ளைப் புள்ளி நோய்க்குத் தாமிர மருந்து கொடுத்தால் மீனின் பசி கெடும் என்பதால், தொட்டி மாற்றும் முறையைக் கையாண்டேன். அந்த ஒட்டுண்ணி மீனின் உடலிலிருந்து உதிர்ந்து, அடியில் கூடு கட்டி, அதிலிருந்து புதிய குஞ்சுகள் வெளிவரக் குறைந்தது மூன்று நாட்களாகும். அதற்குள் மீனை மட்டும் வேறொரு சுத்தமான தொட்டிக்கு மாற்றிவிட்டால், உதிர்ந்தவை பழைய தொட்டியிலேயே தங்கிவிடும். குளிர்சாதன அறையில் 60 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிகள் இரண்டை வைத்து, 12 நாட்களில் நான்கு முறை மாற்றினேன். ஒளிந்துகொள்ள பி.வி.சி. குழாய்த் துண்டு, காற்றுக்கல், மூடி, வேறொன்றும் இல்லை.

முதல் மூன்று நாட்கள் அது குழாயை விட்டு வெளியே வரவில்லை. நான்காம் நாள், இரண்டு நாட்கள் உறைய வைத்து எடுத்த மட்டியைப் பிளந்து, ஒரு பாதி ஓட்டைச் சதையோடு அடியில் வைத்துவிட்டு அறையை விட்டு வந்துவிட்டேன். கதவிடுக்கில் பார்த்தபோது, மீன் ஓட்டுக்கு மேலே தலைகீழாகச் சாய்ந்து நின்று, ஒரு கண்ணால் மட்டும் அதை உற்றுப் பார்த்தது. சற்றுப் பின்வாங்கி, மறுபடி நெருங்கி, இடுக்கி போன்ற அந்த நீண்ட வாயால் ஓர் இழையைக் கிள்ளி இழுத்தது. நீரில் மிதந்து வரும் உணவைத் துரத்திப் பிடிக்க இந்த மீனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பரப்பில் ஒட்டியிருப்பதைக் கொத்துவதே அதற்கு இயல்பு. முதல் மீனிடம் இதைக்கூட நான் முயன்று பார்க்கவில்லை.

அந்த மகிழ்ச்சியில் மட்டியை இரவு முழுவதும் தொட்டியிலேயே விட்டுவிட்டேன். காலையில் நீரில் நச்சான அம்மோனியா 0.5 பி.பி.எம்.; மீன் மேலே நின்று வேகவேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் செய்ய வேண்டிய மாற்றத்தை அன்றே செய்தேன். புதுத் தொட்டியில் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா ஏதும் இல்லாததால் மிச்சத்தைச் சுத்திகரிக்க நம் கையைத் தவிர வேறு வழி இல்லை; அதன் பிறகு அரை மணி நேரத்துக்கு மேல் எந்த உணவையும் உள்ளே விட்டதில்லை.

மட்டியிலிருந்து மற்றவற்றுக்குப் பழக்க ஏறத்தாழ ஆறு வாரங்கள் பிடித்தன. காலியான ஓட்டில் மட்டிச் சதையோடு பொடியாக அரிந்த இறாலைக் கலந்து அப்பினேன். பிறகு மைசிஸைக் கலந்தேன். ஓட்டிலிருந்து கழன்று மிதந்த மைசிஸை அது எட்டிப் பிடித்த நாளிலிருந்து ஓட்டைக் குறைத்தேன். பூண்டுச் சாற்றில் ஊற வைத்தால் பசி எடுக்கும் என்று பலரும் சொல்கிறார்கள். நான் வைத்துப் பார்த்தேன், வீடுதான் மணந்தது.

பெரிய தொட்டியில் விடும் முன், அங்கே அதிகாரம் செய்துகொண்டிருந்த டாம்செல் மீனை நண்பர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். கோமாளி மீன் இணை இதைக் கண்டுகொள்ளவில்லை. பாறையிடுக்கில் பெருகியிருந்த ஐப்டேசியாக்கள் (தொல்லை தரும் சிறு கடற்சாமந்திகள்) இரண்டே வாரங்களில் காணாமல் போயின. கூடவே நான் ஆசையாகப் பார்த்துவந்த விசிறிப்புழுக்களும் போயின. அந்தக் கணக்கை மீன் என்னைக் கேட்டுப் போடவில்லை.

இப்போது ஐந்தாம் மாதம். நீளம் 10 சென்டிமீட்டரை நெருங்குகிறது. நாளைக்கு நான்கு வேளை, சிறிது சிறிதாக. தீவனத் துகளை இன்னும் வாயில் வைத்துப் பார்த்துத் துப்புகிறது. அதனால் உறைபெட்டியில் ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் மட்டிப் பொட்டலம் தொடர்கிறது, வீட்டாரின் முணுமுணுப்போடு. ஆரிகா என்றால் இலத்தீனில் தேரோட்டி. வளர்ந்த மீனின் முதுகுத் துடுப்பிலிருந்து சாட்டை போல் நீளும் இழையை வைத்து வந்த பெயர். சென்ற வாரம் என் மீனின் துடுப்பில், கரும்புள்ளிக்குச் சற்று மேலே, முடியளவு ஒன்று நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன்.