சுங்கச்சாவடியில் பதியும் பயணம்

பாலக்காட்டிலிருந்து கோவைக்குக் காரில் வரும்போது, பாம்பாம்பள்ளம் சுங்கச்சாவடியைத் தாண்டியதுமே இடமும் தொகையும் நேரமும் குறித்த குறுஞ்செய்தி கைபேசிக்கு வந்துவிடுகிறது. 2021 பிப்ரவரியில் தேசிய நெடுஞ்சாலைகளில் கட்டாயமாக்கப்பட்ட ஃபாஸ்டேக் வரிசையைக் குறைத்ததை மறுப்பதற்கில்லை. ஆனால் எந்த வண்டி எந்நேரம் எல்லையை நோக்கிச் சென்றது என்ற பதிவும் அதனோடு சேர்ந்தே உருவாகிறது. காசு கொடுத்து ரசீது வாங்கிய காலத்தில் அதை இவ்வளவு எளிதாகத் திரட்ட முடிந்ததில்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைக் காட்டி, ஒன்றிய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்க இடம் தருகிறது. சார்ஜர் வாங்கினாலும் கைபேசி எண் கேட்கும் கடைக்காரரிடம் ‘வேண்டாம், சேட்டா’ என்று மறுத்துவிடலாம். அரசிடம் அப்படிச் சொல்ல வழியில்லை என்பதால்தான், அத்தகைய விலக்கு ஒவ்வொன்றுக்கும் நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும் என்கிறேன்.