கூடையின் இடைவெளி

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் இருந்த அலுமாரியைத் தாத்தா தேயிலைப் பெட்டிப் பலகையில் செய்திருந்தார். தேயிலைத்தூள் கடதாசிச் சாக்குகளில் போகத் தொடங்குவதற்கு முன், விளிம்புகளில் தகரப் பட்டி அடித்து உட்புறம் ஈயத்தாள் ஒட்டிய ஒட்டுப்பலகைப் பெட்டிகளில்தான் தோட்டத்திலிருந்து கொழும்புக்குப் போனது. நனைந்தோ உடைந்தோ ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், ஒதுக்கப்பட்ட பெட்டிகள் லயங்களுக்கு வந்து சேர்ந்து, ஒரு வீட்டில் அரிசிப் பெட்டியாகவும் இன்னொரு வீட்டில் பிள்ளைகள் எழுதும் மேசையாகவும் உருமாறின. தாத்தா நான்கு பெட்டிகளைப் பிரித்து அந்த அலுமாரியைக் கட்டினார். பலகையில் அச்சிட்டிருந்த தோட்டத்துப் பெயரும் நிறையும் உட்பக்கம் போகும்படி திருப்பி வைத்ததால் வெளிப்பக்கம் எழுத்தில்லாமல் சுத்தமாக இருந்தது. எலி கடிக்கும் அடி விளிம்பில் மட்டும் பழைய தகரப் பட்டியைத் திரும்ப அடித்தார். ஈயத்தாளை உரிக்காமல் அப்படியே விட்டார். மழையும் மூடுபனியுமாகக் கிடக்கும் மாதங்களில் மற்ற வீடுகளில் துணிக்குப் பூஞ்சணம் பிடித்தபோது எங்கள் துணிகள் உலர்ந்தே இருந்தன. 10 அடிக்கு 12 அடி அறையில் ஒரு பொருள் ஒரே ஒரு வேலை செய்துகொண்டு நிற்க முடியாது என்பதால், அதன் மேற்தட்டில் சாமி படங்கள் இருந்தன, அதன் முதுகுதான் அடுப்பங்கரைக்கும் படுக்கைக்கும் நடுவிலிருந்த சுவர்.

உள்ளக அலங்கார வேலைக்காகக் கண்டிக்கு வந்த பிறகுதான் பிரேசில் நாட்டுக் கம்பானா சகோதரர்களின் ஃபவேலா நாற்காலியைப் படத்தில் முதன்முதலாகப் பார்த்தேன். சாவ் பாவுலோவைச் சேர்ந்த ஃபெர்னாண்டோவும் உம்பெர்டோவும் 1991இல் அதை வடிவமைத்தார்கள். 2003 முதல் இத்தாலிய நிறுவனமான எத்ரா அதைச் செய்து விற்கிறது. கண்ட நீளங்களில் வெட்டிய சிறு மரத்துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கையாலேயே ஒட்டியும் ஆணியடித்தும் எழுப்பிய அந்த நாற்காலியின் கருப்பொருள், பிரேசில் நகரங்களின் ஃபவேலா எனப்படும் சேரிகளில் கிடைத்த பலகைகளைக் கொண்டு மக்கள் கட்டிக்கொள்ளும் குடிசைகள். படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் காம்பராவில் இருந்ததைப் போன்ற ஒன்றை உலகத்தின் பெரிய வடிவமைப்பாளர்கள் அழகு என்று ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்ற மகிழ்ச்சி முதலில் வந்தது. பிறகு, இல்லாமையால் ஒருவர் செய்துகொண்டதை இருப்பவர் வீட்டுக் கூடத்துக்கு அழகுப் பொருளாகக் கொண்டுபோவது சரிதானா என்ற கேள்வியும் வந்தது. அந்தக் கேள்வியோடுதான் இத்தனை ஆண்டுகளாக வேலை செய்துவருகிறேன்.

இன்று எனக்கு ஒரு விடை இருக்கிறது. ஓர் உழைக்கும் மக்களின் பொருளிலிருந்து வடிவத்தை எடுப்பதில் தவறில்லை; எல்லாக் கலைகளும் அப்படித்தான் வளர்ந்திருக்கின்றன. ஆனால் அந்த வடிவம் ஏன் அப்படி இருக்கிறது என்ற காரணத்தையும், அதைச் செய்த கையையும் சேர்த்து எடுத்துக்கொள்ளாத வடிவமைப்பாளர் அந்தப் பொருளைப் பார்க்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

நுவரெலியாப் பக்கத்தில் ஒரு விடுதியின் உணவுக்கூடத்தில், தேயிலைக் கொழுந்து பறித்துப் போடும் கொழுந்துக் கூடைகளைத் தலைகீழாகக் கவிழ்த்து விளக்குகளாகத் தொங்கவிட்டிருந்தார்கள். கெட்டியாக வார்னிஷ் பூசியதால் மூங்கிலின் நிறமே தெரியவில்லை. சுவரிலிருந்த குறிப்பில் தேயிலைத் தோட்டங்களின் அழகு இந்த வடிவமைப்புக்கு உந்துதலாக இருந்தது என்று எழுதி, வடிவமைத்தவர் பெயரையும் போட்டிருந்தார்கள். கூடை பின்னியவரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அந்தக் கூடையில் பார்க்க எவ்வளவோ இருக்கிறது. 1958இல் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் இந்திய அரசுக்கு எழுதிக்கொடுத்த அறிக்கையில் லோட்டா என்னும் சாதாரணச் செம்பைப் பற்றி நீண்ட கேள்விப் பட்டியல் ஒன்று இருக்கிறது. எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், இடுப்பில் வைக்கும்போதும் தலையில் வைக்கும்போதும் எப்படி அமர வேண்டும், நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் அதன் சமநிலை என்ன, ஊற்றும்போது கைக்கு எப்படி இருக்கிறது, என்ன விலை என்றெல்லாம் கேட்டுக்கொண்டே போவார்கள். ஒரு தனி மனிதர் வரைந்து உருவாக்க முடியாத, பல தலைமுறைகளின் கைகள் சேர்ந்து செய்த வடிவமாக அதை அவர்கள் கண்டார்கள். 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்குவதற்கு அந்த அறிக்கை அடித்தளமாக இருந்தது.

அதே கேள்விகளைக் கொழுந்துக் கூடையிடம் கேட்டுப் பார்க்கலாம். தாத்தா பின்னிய கூடையின் அடி சதுரம், வாய் வட்டம். சரிவான மலையில் இறக்கி வைத்தால் உருளாமல் நிற்பதற்கு அடி சதுரம். இரண்டு கைகளும் மாறி மாறித் தோளுக்கு மேலாகப் பின்னால் கொழுந்தைப் போடும்போது எந்தப் பக்கமிருந்தும் விழுவதற்கு வாய் வட்டம். வாய்க்குக் கீழே இரண்டு காதுகள் இருக்கும். அவற்றில் கட்டிய கயிற்றை அம்மாயி தலைமேல் கொங்காணியாகப் போட்ட துணிக்கு மேலே ஏற்றுவார். பாரம் முதுகில் கிடந்தாலும் இழுப்பெல்லாம் உச்சந்தலையில்தான். எல்லாவற்றையும்விட முக்கியமானது பின்னலின் இடைவெளி. பறித்த கொழுந்துக்கு உயிர் உண்டு. காற்றில்லாமல் அமுங்கிக் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். சிவந்த கொழுந்தில் நல்ல தூள் வராது. ஆகவே கொழுந்து வெளியே நழுவாத அளவுக்கு நெருக்கமாகவும், அது மூச்சுவிடும் அளவுக்கு விலகியும் பட்டைகள் ஓட வேண்டும். விடுதியின் விளக்கில் வெளிச்சம் அழகாக ஒழுகி வருவது அந்த இடைவெளியின் வழியாகத்தான். கொழுந்துக்காகத் திறந்த இடைவெளி அது என்று அங்கே சாப்பிட வருபவருக்கு யாரும் சொல்லவில்லை.

இதே விளக்கு விஷயத்தில் இசாமு நொகுச்சி வேறு வழியில் நடந்தார். ஜப்பானியத் தந்தைக்கும் அமெரிக்கத் தாய்க்கும் பிறந்த அந்தச் சிற்பி 1951இல் ஜப்பானின் கிஃபு நகருக்குப் போனார். நீர்க்காக்கைகளைக் கொண்டு இரவில் மீன்பிடிக்கும் நகரா ஆறும், அதன் படகுகளில் ஒளிரும் காகித விளக்குகளும் அந்த ஊருக்குப் பெயர் தந்தவை. நலிந்துகொண்டிருந்த விளக்குத் தொழிலுக்கு உதவ முடியுமா என்று நகரத் தலைவர் கேட்டபோது, நொகுச்சி பட்டறைக்குள் போய் வேலையைக் கற்றுக்கொண்டார். மரத்துண்டுகளை அடுக்கிய அச்சின்மேல் மெல்லிய மூங்கில் குச்சியைச் சுருளாகச் சுற்றி, அதன்மேல் மல்பெரி வகை மரப்பட்டையில் செய்த காகிதத்தை ஒட்டி, காய்ந்ததும் அச்சைத் துண்டு துண்டாக உள்ளேயிருந்து உருவி எடுத்துவிடுவார்கள். எஞ்சுவது காகிதமும் மூங்கிலும் வெளிச்சமும் மட்டுமே; வேண்டாதபோது தட்டையாக மடித்துப் பெட்டியில் வைத்துவிடலாம். அகாரி என்று பெயரிட்டு, வாழ்நாள் முழுவதும் 100க்கும் மேற்பட்ட வடிவங்களை அவர் உருவாக்கினார். மின்விளக்கை உள்ளே வைத்தார், சமச்சீரான பழைய உருண்டையைக் கோணல் மாணலாக்கினார், ஓவியங்களை விலக்கினார். செய்முறையை மட்டும் மாற்றவில்லை. கிஃபுவின் ஒசெகி பட்டறைதான் இன்றும் அவற்றைச் செய்கிறது.

இன்னொன்று, பிளாஸ்டிக் போத்தலில் செய்யும் பெட் (PET) விளக்கு. ஸ்பெயின் நாட்டு வடிவமைப்பாளர் அல்வாரோ கத்தலான் தெ ஒகோன் 2011இல் கொலம்பியாவில், பிளாஸ்டிக் போத்தல்களின் குப்பையை என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அவருக்கு நினைவு வந்தது ஜப்பானியத் தேநீர்ச் சடங்கில் தேயிலைப் பொடியைக் கலக்கும் மூங்கில் மத்து. ஒரே மூங்கில் துண்டின் ஒரு முனையைக் கைப்பிடியாக விட்டு, மறுமுனையை நூல் நூலாகக் கீறிச் செய்வது அது. போத்தலின் கழுத்தை அப்படியே விட்டு, உடலை நாடாக்களாகக் கீறினால், அந்த நாடாக்களே பாவாகிவிடும். ஊடு நாரைப் பின்னல்காரர் தமது மரபுப்படி ஓட்டலாம். கழுத்தும் மூடியும் மின்கம்பியைப் பிடித்துக்கொள்ளும். உள்நாட்டுப் போரில் ஊரைவிட்டு விரட்டப்பட்டு பொகோத்தாவுக்கு வந்த எபெராரா சியாபிதாரா மக்கள்தான் அதை முதலில் பின்னியவர்களில் அடங்குவர். தேநீர் மத்து எங்கே, கொலம்பியாவின் அகதிப் பெண்ணின் நார் எங்கே! ஆனால் அந்த விளக்கில் இரண்டுமே அடையாளம் மறையாமல் இருக்கின்றன. எங்கள் தோட்டங்களிலும் உரப்பையைக் கிழித்து நாடாவாக்கிக் கூடை பின்னியவர்களை நான் சிறுவயதில் கண்டிருக்கிறேன். அதைக் கண்டபோது அது வறுமை என்று மட்டுமே தெரிந்தது.

இதற்கெல்லாம் தொலைதூரத்துக்குப் போக வேண்டியதில்லை என்று கண்டி நண்பர்கள் நினைவூட்டுவார்கள், உண்மைதான். கண்டியில் பிறந்த கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா (1918–1998), 1951இல் அங்கே கட்டி முடித்த கருணாரத்ன இல்லத்தின் கதவுகளில் தும்பறைப் பாய்ப் பின்னலைப் பதித்தார். மாடிப்படிக் கைப்பிடிக்கு அரக்கு வேலைப்பாடு செய்யவைத்தார். கூடத்துச் சுவருக்கு ஜோர்ஜ் கீற் ஓவியம் தீட்டினார். அரும்பொருளகத்தில் வைக்க வேண்டியவை என்று எண்ணாமல், தினமும் கைபடும் கதவிலும் படியிலும் கைவினையை வைத்த துணிச்சலை நான் மிகவும் மதிக்கிறேன். தும்பறைப் பாய் நெசவை 2021இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. மினெட் 70 ஆண்டுகளுக்கு முன்பே சேர்த்துவிட்டார்.

மரத்துக்கு வருகிறேன், ஏனெனில் என் மனம் அதிகம் தங்குவது அங்கேதான். மரத் தளபாடக் கலைஞர் ஜோர்ஜ் நகாஷிமா 1905இல் அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளியினர். 1930களின் இறுதியில், கட்டடக் கலைஞர் அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்டா விடுதியின் கட்டட வேலையைக் கவனிக்கப் புதுச்சேரிக்கு வந்து, அரவிந்தர் ஆசிரமத்தில் ஒருவராகி, சுந்தரானந்தா என்ற பெயரும் பெற்றார். போர்க்காலத்தில் அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தபோது அவரும் குடும்பத்துடன் ஐடஹோவின் மினிடோகா முகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கே கெந்தாரோ ஹிகோகாவா என்ற தச்சரிடம் ஜப்பானிய மரபுத் தச்சு வேலையைக் கற்றார். விடுதலையான பின் பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் அவர் செய்த மேசைகளில் பலகையின் ஓரம் மரம் வளர்ந்த வளைவோடு அப்படியே இருக்கும். விரிசலை அடைத்து மறைக்காமல், அது மேலும் போகாதபடி பட்டாம்பூச்சி வடிவ மரத்துண்டைக் குறுக்கே பதித்து, வெடிப்பையே பார்வைக்கு வைத்தார்.

தேயிலை வேரில் செய்யும் மேசைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நகாஷிமாவின் நினைவு வரும். மறுநடுகைக்காகப் பழைய தேயிலை மலைகளின் செடிகளைப் பிடுங்கும்போது வெளிவரும் வேர்களைச் சீவி, பளபளப்பேற்றி, மேலே கண்ணாடி வைத்து வீதியோரக் கடைகளில் விற்கிறார்கள். விட்டால் மரமாகிவிடக்கூடிய செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி இடுப்பளவில் நிறுத்தி வைத்திருப்பதால், தூரில் முடிச்சு முடிச்சாகத் திரண்டிருக்கும். ஒவ்வொரு முடிச்சும் ஒரு கவ்வாத்துக் கத்தியின் காயம். எண்ணத் தெரிந்தவர் அதில் ஒரு மலையின் வயதையே படித்துவிடலாம். கடைகளில் முதல் வேலையாக அந்த முடிச்சுகளைத்தான் சீவி எறிகிறார்கள். அவற்றை விட்டுவைத்து, எண்ணெய் மட்டும் பூசி, விரிசலுக்கு ஒரு பட்டாம்பூச்சித் துண்டு பதித்து மேசை செய்து பார்க்க வேண்டும் என்று தச்சு வேலை செய்யும் என் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். நல்ல வேர் ஒன்று பட்டறையின் மூலையில் காய்ந்துகொண்டிருக்கிறது. ஓர் ஆண்டாவது காய வேண்டும் என்கிறான்.

கூடை விளக்கை மட்டும் பொறுக்க முடியாமல் இந்த ஆண்டே செய்துவிட்டேன். தாத்தா இப்போது இல்லை. அவர் தம்பி, எங்கள் சின்னத் தாத்தா, தோட்டத்தில் கூடை பின்னத் தெரிந்த கடைசி ஆள். வாசலில் அமர்ந்து மூங்கிலைக் கீறியபடி அவர் கேட்ட முதல் கேள்வி, "உள்ள வைக்கிற பல்பு எவ்வளவு சுடும் தாயி?" என்பது. எல்.ஈ.டி., அதிகம் சுடாது என்றேன். ஆனாலும் சூடு மேலேதான் போகும் என்று சொல்லி, கவிழ்த்தால் மேலே வரும் அடிப்பக்கத்தில் இரண்டு வரிசைப் பட்டைகளை வழக்கத்தைவிட விலக்கி ஓட்டினார். கொழுந்துக்குச் செய்ததையே பல்புக்கும் செய்தார். காதுகளை வழக்கமான இடத்தில் வைக்காமல் அந்த அடிப்பக்கத்துக்கே கொண்டுபோனார். காது தேவையில்லையே என்று நான் சொன்னபோது, "தொங்கவிடணும்னா காது வேணுமே" என்றார். இப்போது விளக்கு அந்த இரண்டு காதுகளில்தான் தொங்குகிறது.

விளக்கோடு கட்டும் சிறு அட்டையில் அவர் பேரைப் போடப்போகிறேன் என்று சொன்னேன். தோட்டத்தில் பேர் என்றால் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் விழும் ஒரு நாள் சம்பளம். வேலை குறைந்தால் அரைப் பேர். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார்.

"மூங்கில் வெட்டுன நாளையும் சேர்த்தா மூணு நாளு. மூணு பேர் போடு தாயி."

மூன்று பேரும் போட்டேன். அட்டையிலும் அவர் பேரை எழுதினேன்.